ஸ்லோ குக்கருக்கு ஸ்ப்ரே இல்லையா? எண்ணெய் தடவுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சமையல் குறிப்பின் முதல் வரியே "உள்பாத்திரத்தில் குக்கிங் ஸ்ப்ரே அடித்துக்கொள்ளுங்கள்" என்றிருக்கும். டப்பாவை அழுத்தினால் எண்ணெயைத் தூவலாக அடிக்கும் அந்த ஸ்ப்ரே வீட்டில் இருக்காது. இருந்தாலும் டப்பாவை அழுத்தினால் வெறும் காற்றுதான் வரும். சிலர் அதை வாங்குவதையே நிறுத்தியிருப்பார்கள். அந்த நேரத்தில் எழும் கேள்விகளைத்தான் இங்கே திரட்டியிருக்கிறேன். ஸ்லோ குக்கர் என்று நான் சொல்வது, பீங்கான் உள்பாத்திரமும் கண்ணாடி மூடியும் கொண்ட, மணிக்கணக்கில் மெல்லச் சமைக்கும் மின்சாரப் பாத்திரத்தை. பிரஷர் குக்கருக்கு இதில் பாதி பொருந்தாது.

முதலில், ஸ்லோ குக்கருக்குள் எண்ணெய் தடவித்தான் ஆக வேண்டுமா?

பெரும்பாலான சமையலுக்கு வேண்டாம். சூப், எலும்புச் சாறு, நிறைய நீரில் வேகும் பயறு வகைகள், குழம்பாக வேகும் இறைச்சி ஆகியவற்றுக்குத் தடவினாலும் தடவாவிட்டாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. பாத்திரத்தின் உட்புறம் கண்ணாடி போன்ற மெருகு பூசியது. அதில் ஈரமான உணவு அவ்வளவு எளிதில் ஒட்டாது. ஒட்டினாலும், இரவு நீர் ஊற்றி வைத்தால் காலையில் வழன்று வந்துவிடும்.

தடவ வேண்டியவை என்று ஒரு சிறு கூட்டம் இருக்கிறது. முட்டை சேர்ந்தவை, சீஸும் பாலும் சேர்ந்த மக்ரோனி போன்றவை, ஓட்ஸ் கஞ்சி, கேக், ரொட்டி, சர்க்கரையோ தேனோ சேர்த்துக் கெட்டியாகச் சுண்டவைக்கும் இறைச்சி. இவற்றில் எண்ணெயைத் தவிர்த்தால் கழுவும்போது வருத்தப்படுவீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடலாம். ஸ்லோ குக்கரின் மூல வடிவத்துக்கு இர்விங் நாக்ஸன் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1940-இல். டப்பாவில் அடைத்த குக்கிங் ஸ்ப்ரேயான 'பாம்' அங்கே கடைக்கு வந்தது 1961-இல். நடுவே இருபது ஆண்டுகள் ஸ்ப்ரே இல்லாமலேதான் பீன்ஸ் வெந்தது.

அப்படியானால் எங்கே ஒட்டுகிறது? ஏன் ஒட்டுகிறது?

அடுப்பில் வைக்கும் பாத்திரத்தில் தீ கீழே இருக்கிறது. அதனால் அடிப்பிடிக்கிறது. பல ஸ்லோ குக்கர்களில் வெப்பக் கம்பி பக்கச் சுவர்களைச் சுற்றி ஓடுகிறது. அதனால் இங்கே அடி பிடிப்பதைவிடப் பக்கம் பிடிப்பதே அதிகம். அதிலும் உணவின் மேல்மட்டம் சுவரைத் தொடும் இடம்தான் மோசமானது. கழுவும்போது பழுப்பு வளையமாக நிற்குமே, அந்த இடம்.

காரணம் எளிது. நீருக்குள் இருக்கும் சுவரின் சூடு கொதிநிலையை ஒட்டியே நிற்கும். குறைந்த சூட்டில் வைத்தாலும் அதிகச் சூட்டில் வைத்தாலும் பெரும்பாலான குக்கர்கள் கடைசியில் ஏறக்குறைய ஒரே இடத்துக்குத்தான், 100 டிகிரி செல்சியஸுக்குச் சற்றுக் கீழே, வந்து சேரும். எவ்வளவு சீக்கிரம் வருகின்றன என்பதில்தான் வேறுபாடு. ஆனால் நீர்மட்டத்துக்கு மேலே சுவரில் தெறித்தது, வழிந்தது, கிளறும்போது பூசியது எல்லாம் நீர் வற்றி உலர்ந்துவிடுகிறது. உலர்ந்த இடத்தில் சூடு 100-ஐத் தாண்டும். அங்கே சர்க்கரை கருகும், மாவுச்சத்து பசையாகிக் காயும், முட்டை, பால், இறைச்சியின் புரதம் சுவரைப் பற்றிக்கொள்ளும். ஆறேழு மணி நேரம் இது நடந்தால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கேள்விகள் தீர்ந்துவிடும். அடியில் எண்ணெயை ஊற்றி ஒரு சுழற்றுச் சுழற்றுவதால் பயன் குறைவு. உணவு நிற்கப்போகும் மட்டத்திலும் அதற்கு இரண்டு விரல் மேலேயும்தான் கொழுப்பு இருக்க வேண்டும்.

ஸ்ப்ரே டப்பாவுக்குள் அப்படி என்னதான் இருக்கிறது?

பெரும்பகுதி சாதாரணச் சமையல் எண்ணெய். அதோடு கொஞ்சம் லெசித்தின். எண்ணெயை வெளியே தள்ள ஒரு வாயு, பல டப்பாக்களில் புரொப்பேன், பியூட்டேன் வகை. சிலவற்றில் நுரை அடக்க டைமெத்தில் சிலிக்கோன் துளியளவு இருக்கும்.

இதில் உண்மையாக வேலை செய்வது லெசித்தின்தான். முட்டையின் மஞ்சள் கருவிலும் சோயாவிலும் இயல்பாக இருக்கும் பொருள் அது. அதன் பெயரே மஞ்சள் கருவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதன் ஒரு முனை நீரோடு சேரும், மறுமுனை எண்ணெயோடு சேரும். வெறும் எண்ணெயைப் பீங்கானில் தடவினால் துளித்துளியாகத் திரண்டு கீழே வழியும். லெசித்தின் கலந்தால் படலமாகப் பரவி அப்படியே நிற்கும். ஸ்ப்ரேயின் சாமர்த்தியத்தில் பாதி அது மெல்லிய தூவலாக வருவது, பாதி லெசித்தின். மாற்று தேடும்போது இந்த இரண்டில் எதை ஈடுகட்டுகிறோம் என்று பார்த்தால் போதும்.

சரி, கேடு என்ன? ஏன் மாற்று தேட வேண்டும்?

எப்போதாவது ஒரு தடவை அடித்தால் குடி முழுகாது. உணவுக்கென்று அனுமதிக்கப்பட்ட பொருட்கள்தான் அதில் இருக்கின்றன. எனக்கு இருக்கும் குறைகள் வேறு.

ஒன்று, பிசுக்கு. அந்த மெல்லிய படலம் திரும்பத் திரும்பச் சூடாகும்போது, பெயிண்ட் காய்வதுபோல இறுகி மஞ்சளும் பழுப்புமாய் ஒட்டும் தோலாகிவிடும். சோப்புக்கு அது அசையாது. குறிப்பாக, உணவு தொடாத மேல் விளிம்பில் விழுந்த தூவல் இப்படி ஆகும். என்னுடைய பழைய குக்கரின் விளிம்பு தொட்டாலே விரல் ஒட்டும் நிலைக்குப் போயிருந்தது. அது உணவின் கறை என்றே வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு, வாயு. அது தீப்பற்றக்கூடியது. எரியும் அடுப்புக்குப் பக்கத்தில் அடிக்கக் கூடாது. வெயிலிலோ அடுப்பு மேலுள்ள அலமாரியிலோ டப்பாவை வைக்கக் கூடாது. சுமார் 50 டிகிரியைத் தாண்டினால் வெடிக்கும் அபாயம் உண்டு என்று டப்பாவிலேயே எச்சரித்திருப்பார்கள்.

மூன்று, தூவல் பாத்திரத்தோடு நிற்காது. மேடையிலும் தரையிலும் படியும். தரையில் படிந்த எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத்தான் தெரியும்.

சோயா ஒவ்வாமை உள்ளவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். லெசித்தின் பெரும்பாலும் சோயாவிலிருந்து எடுத்ததாகவே இருக்கும். சூரியகாந்தி லெசித்தின் போட்டவையும் கிடைக்கின்றன. அட்டையைப் படிக்காமல் வாங்க வேண்டாம்.

ஸ்ப்ரேயில் கலோரியே இல்லை என்கிறார்களே? எண்ணெய் தடவினால் கூடிவிடாதா?

டப்பாவுக்குள் இருப்பதும் எண்ணெய்தான். கிராமுக்கு 9 கலோரி என்ற கணக்கு அதற்கும் பொருந்தும். அமெரிக்க விதிப்படி, ஒரு பரிமாறும் அளவில் 5 கலோரிக்குக் கீழே இருந்தால் பூஜ்யம் என்று அச்சிடலாம். கொழுப்பு 0.5 கிராமுக்குக் கீழே இருந்தாலும் பூஜ்யம்தான். அதனால் பரிமாறும் அளவையே கால் நொடி அழுத்தம், அதாவது சுமார் 0.25 கிராம், என்று வைத்துவிடுகிறார்கள். கால் நொடியில் யார் நிறுத்துகிறார்கள்?

ஒரு பெரிய உள்பாத்திரத்தைச் சுற்றி அடிக்க மூன்று நான்கு நொடியாவது ஆகும். அது மூன்று நான்கு கிராம் எண்ணெய். ஒரு தேக்கரண்டி எண்ணெய் சுமார் நாலரை கிராம், 40 கலோரி. அதை ஆறு பேர் பகிர்ந்தால் தலைக்கு ஏழு கலோரிகூட வராது. இந்தக் காரணத்துக்காக ஸ்ப்ரேயைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை.

இப்போதே சமைக்க வேண்டும். கையில் இருப்பதை வைத்து என்ன செய்வது?

வெண்ணெய், நெய், உறைந்த தேங்காய் எண்ணெய், வனஸ்பதி ஆகியவற்றில் எது இருக்கிறதோ அதை ஒரு தேக்கரண்டி எடுங்கள். உலர்ந்த, ஆறிய பாத்திரத்தில் விரலாலோ மடித்த கிச்சன் டிஷ்யூவாலோ சுவரில் பூசுங்கள். முதலில் விளிம்புக்குக் கீழே உள்ள பட்டை, பிறகு சுவர், கடைசியாக அடி. அடியும் சுவரும் சேரும் வளைவை மறக்கக் கூடாது, கேக் அங்கேதான் மாட்டிக்கொள்ளும். பூசி முடித்ததும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பளபளப்பு இல்லாத இடம் தெரிந்தால் அங்கே இன்னொரு தடவு.

வெண்ணெய்க் கட்டியைச் சுற்றி வரும் தாளைத் தூக்கிப் போடாமல் குளிர்சாதனப் பெட்டியில் மடித்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். நானும் அந்தக் கட்சிதான். ஒரு தாளில் ஒட்டியிருக்கும் வெண்ணெய் ஒரு குக்கருக்குப் போதும். கையும் அழுக்காகாது.

பாத்திரத்தில் ஈரம் இருந்தால் கொழுப்பு பிடிக்காது, வழுக்கிக்கொண்டே போகும். இதை எழுதத் தேவையில்லை என்று தோன்றும். ஆனால் கழுவியவுடன் தடவுபவர்கள்தான் அதிகம்.

வெண்ணெயா, நெய்யா, எண்ணெயா? எது மேல்?

ஸ்லோ குக்கருக்கு என் ஓட்டு நெய்க்கு. சும்மா சொல்லவில்லை, கணக்கு இருக்கிறது.

எண்ணெய் ஓடும். செங்குத்தான, வழவழப்பான சுவரில் தடவிவிட்டு, காய்கறி நறுக்கப் போய் வந்தால், எல்லாம் அடியில் குளமாகத் தேங்கியிருக்கும். நமக்குத் தேவை மேலே, எண்ணெய் இருப்பது கீழே. அறைச் சூட்டில் கெட்டியாக இருக்கும் கொழுப்புகள் வைத்த இடத்தில் நிற்கும். குக்கர் சூடேறும்போது அவையும் உருகும், உண்மைதான். ஆனால் அதற்குள் உணவு சுவரோடு அணைந்து நின்றிருக்கும். நடுவில் ஒரு படலம் மாட்டிக்கொள்ளும். ஸ்லோ குக்கர் மெல்லச் சூடேறுவது இங்கே நமக்கு உதவி.

வெண்ணெயில் ஏறக்குறைய 80 சதவீதம்தான் கொழுப்பு. மீதி நீரும் கொஞ்சம் பால் திடப்பொருளும். அந்தத் திடப்பொருள் புரதமும் பால் சர்க்கரையும் ஆனது. ஒட்டும் குணம் உள்ளது. உணவு மூடியிருக்கும் இடத்தில் அது ஒன்றும் செய்யாது. உலர்ந்த விளிம்பில் எட்டு மணி நேரம் இருந்தால் பழுப்பேறிப் பிடிக்கும். நெய்யில் அந்தத் திடப்பொருளை வடித்துவிட்டோம், கிட்டத்தட்ட முழுக்கக் கொழுப்பு. அதனால் நெய் வெண்ணெயைவிடச் சுத்தமாகக் கழன்று வரும். கேக், முட்டை, ஓட்ஸ் எல்லாவற்றுக்கும் வாசனையும் ஒத்துப்போகும்.

தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உருகும். குளிர்ந்த அறையில் கெட்டியாக இருந்தால் நெய்யைப் போலவே வேலை செய்யும். வெயில் நாளில் அது வெறும் எண்ணெய்தான். பால் பொருள் சாப்பிடாதவர்களுக்கு நல்ல தேர்வு, மணம் பிடிக்குமானால்.

இறைச்சி வதக்கியபோது வடிந்த கொழுப்பு இருந்தால் அதையும் தடவலாம். உப்பான சமையலுக்கு மட்டும்.

திரவ எண்ணெய்தான் இருக்கிறது. எந்த எண்ணெய் நல்லது? புகைநிலை பார்க்க வேண்டாமா?

வேண்டாம். புகைநிலை, அதாவது எண்ணெய் புகையத் தொடங்கும் சூடு, வறுக்கும்போதும் பொரிக்கும்போதும் பார்க்க வேண்டிய கணக்கு. ஸ்லோ குக்கரின் சூடு வழக்கமான சமையல் எண்ணெய்களின் புகைநிலையை எட்டாது. ஆலிவ், சூரியகாந்தி, கடலை, அரிசித் தவிடு என எதுவும் சரி. சுவை தெரியக் கூடாது என்றால் சுத்திகரித்த எண்ணெய். ஆளிவிதை எண்ணெய் மட்டும் வேண்டாம். அது சீக்கிரம் கெடும், காய்ந்து வார்னிஷ் போலப் பிடிக்கும். மரச்சாமான்களுக்குப் பூசும் எண்ணெயே அதிலிருந்து வருவதுதான்.

எண்ணெய் என்றால் ஊற்ற வேண்டாம். சிலிக்கோன் பிரஷ்ஷால் மேலிருந்து தடவுங்கள், உணவைப் போடுவதற்குச் சற்று முன்பு தடவுங்கள். காய் நறுக்கும் வேலையை முதலில் முடித்துவிட்டால் எண்ணெய் வழிய நேரமே இருக்காது.

எவ்வளவு தடவ வேண்டும்?

ஐந்து ஆறு லிட்டர் பாத்திரத்துக்கு ஒரு தேக்கரண்டி. கேக், சீஸ் என்றால் இரண்டு. அதற்கு மேல் போனால் உணவின் மேலே மிதக்கும். கொழுப்பு நீரைவிட லேசானது. சுவரில் உள்ளதில் ஒரு பகுதி கழன்று மேலே வந்துவிடும். ஒருவகையில் அதுவும் நல்லதே, வளையம் பிடிக்கும் மட்டத்தில்தான் வந்து நிற்கிறது.

ஸ்ப்ரேக்கு ஈடான கலவையை வீட்டில் செய்ய முடியுமா?

இரண்டு வழி உண்டு.

கேக் செய்பவர்கள் வைத்திருக்கும் பழைய வித்தை: மைதா, சமையல் எண்ணெய், வனஸ்பதி மூன்றும் சம அளவு. கட்டியில்லாமல் அடித்தால் வெள்ளையாக, க்ரீம் போல வரும். மூடிய ஜாடியில் குளிர்சாதனப் பெட்டியில் சில வாரங்கள் இருக்கும். பிரஷ்ஷால் தடவிக்கொள்ளலாம். அதிலுள்ள மாவு எண்ணெய் வழியாமல் பிடித்து நிறுத்துகிறது, கேக் மாவுக்கும் பீங்கானுக்கும் நடுவே உலர்ந்த அடுக்காகவும் நிற்கிறது. கேக், ரொட்டி, பிரௌனி ஆகியவற்றுக்கு இது கடையில் வாங்கும் எந்த ஸ்ப்ரேயையும் தோற்கடிக்கும். ஆனால் குழம்புக்கும் இறைச்சிக்கும் தடவாதீர்கள். மாவு கரைந்து சாற்றில் சேரும், அவ்வளவுதான் மிஞ்சும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் அரிசி மாவு போட்டுக்கொள்ளலாம், சற்று நறநறக்கும்.

இன்னொன்று, திரவ லெசித்தினை வாங்கி எண்ணெயில் கலப்பது. ரொட்டி சுடும் சிலர் இரண்டு பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு லெசித்தின் கலந்து தகரத்தில் தடவுவார்கள். தேன் மாதிரி கெட்டியாக இருக்கும், ஒரு துளி வெகுதூரம் பரவும். ஸ்ப்ரேக்கு மிக நெருங்கிய உறவு இதுதான். அதனாலேயே ஸ்ப்ரேயின் பிசுக்கும் இதற்கு உண்டு. விளிம்பில் படாமல் தடவி, ஒவ்வொரு முறையும் சுடுநீரில் நன்றாகக் கழுவுவதாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

பம்ப் பாட்டிலில் எண்ணெய் ஊற்றி அடிக்கலாமா?

தாராளமாக. வாயு இல்லை, நம் விருப்பப்படி எண்ணெய், திரும்பத் திரும்ப நிரப்பலாம். ஆனால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். டப்பா அளவுக்கு மெல்லிய தூவல் வராது. சிலசமயம் பீய்ச்சும், சிலசமயம் சொட்டும். அடித்தபிறகு ஒருமுறை டிஷ்யூவால் பரப்பிவிட்டால் சரியாகிவிடும். அப்படியென்றால் பாட்டில் எதற்கு, நேராக டிஷ்யூவாலேயே தடவலாமே என்று கேட்டால், என்னிடம் பதில் இல்லை. நான் பாட்டிலை விட்டுவிட்டதே அதனால்தான்.

வைத்துக்கொள்பவர்களுக்கு: பாட்டிலை நிரப்பி மாதக்கணக்கில் வைக்காதீர்கள், எண்ணெய் சிக்கு வாடை பிடிக்கும், தூவும் துளையும் அடைத்துக்கொள்ளும். அவ்வப்போது சூடான சோப்பு நீரை ஊற்றிச் சில தடவை பம்ப் செய்து, முழுக்க உலரவிட்டு மறுபடி நிரப்புங்கள். லெசித்தின் கலவையை இதில் ஊற்றினால் அடைத்துவிடும். மணத்துக்காகப் பூண்டுப் பல், பச்சை மூலிகை போட்டு வெளியே வைப்பது ஆபத்து. காற்றில்லாத எண்ணெய்க்குள் பொட்டுலிசம் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளர முடியும். நிறமும் வாசனையும் மாறாமலேயே அது நடக்கும்.

எண்ணெயே வேண்டாம் என்றால்?

பார்ச்மென்ட் பேப்பர் இருக்கிறது. பட்டர் பேப்பர் என்ற பெயரிலும் விற்கிறார்கள். வாங்கும்போது சிலிக்கோன் பூசிய, ஓவனில் வைக்கத்தக்க தாள்தானா என்று பாருங்கள். பெரிய தாளைக் கசக்கி, நீரில் நனைத்துப் பிழிந்து விரித்தால் பாத்திரத்தின் வளைவுகளுக்குப் படியும். விறைப்பான தாளோடு மல்லுக்கட்டிய பிறகு இந்த வித்தை தெரிந்தபோது, இத்தனை நாள் போச்சே என்றிருந்தது. கேக்குக்கும் கெட்டியான இறைச்சி உருண்டைக்கும் இது பொருந்தும். நீர்த்த உணவுக்குப் பொருந்தாது, சாறு தாளுக்கு வெளியே போய்விடும்.

இறைச்சி என்றால் அடியில் வெங்காயத்தைத் தடித்த வட்டங்களாக அடுக்குங்கள். கேரட், உருளைக்கிழங்கு, செலரித் தண்டும் ஆகும். இறைச்சி அந்த மெத்தைமேல் உட்காரும், பீங்கானைத் தொடாது. மெத்தையும் சாப்பிடக்கூடியது. காய்கறி அடியிலும் பக்கத்திலும் இருப்பது வேகவும் நல்லது, ஸ்லோ குக்கரில் இறைச்சியைவிட வேர்க்காய்கள்தான் தாமதமாக வேகும்.

ஓட்ஸுக்கு என்றால் பாத்திரத்துக்குள் பாத்திரம். சூடு தாங்கும் ஒரு கிண்ணத்தில் ஓட்ஸும் நீரும் எடுத்துக்கொண்டு, குக்கருக்குள் வைத்து, சுற்றிலும் கிண்ணத்தின் பாதி உயரத்துக்கு நீர் ஊற்றுங்கள். சூடு நீர் வழியாகத்தான் வரும், எனவே எந்தச் சுவரும் 100 டிகிரியைத் தாண்டாது, காயவும் காயாது. இரவு வைத்துக் காலையில் எடுப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி நான் பார்க்கவில்லை. கிண்ணத்தில் கொஞ்சம் நெய் தடவினால் இன்னும் சுத்தம், தடவாவிட்டாலும் சின்னக் கிண்ணத்தைத்தானே கழுவப்போகிறோம்.

ஸ்லோ குக்கருக்கென்று விற்கும் பிளாஸ்டிக் உறைகள்?

சூடு தாங்கும் நைலானில் செய்தவை. கழுவும் வேலை ஏறக்குறைய இல்லாமல் போகும். ஒவ்வொரு சமையலுக்கும் ஒரு பிளாஸ்டிக் குப்பை என்பது என் மனத்துக்கு ஒப்பவில்லை, அதனால் பரிந்துரைக்க மாட்டேன். பயன்படுத்துவதானால் இதற்கென்று விற்பதை மட்டும் பயன்படுத்துங்கள். சாதாரண பிளாஸ்டிக் பை உருகும். சூடான உணவோடு உறையைத் தூக்கவும் கூடாது, கிழிந்தால் வெந்துபோகும் கை நம்முடையது. கரண்டியால் எடுத்துவிட்டு, ஆறியபிறகு உறையை எடுங்கள். கழுவிப் பயன்படுத்தும் சிலிக்கோன் உறைகளும் வருகின்றன. பாத்திரத்தின் அளவுக்குச் சரியாகப் பொருந்தினால் அவை மேல்.

மெழுகுத் தாள், அலுமினியத் தாள் வைக்கலாமா?

மெழுகுத் தாள் கூடாது. மெழுகு உருகி உணவில் சேரும்.

அலுமினியத் தாள் வைக்கலாம், ஆனால் தக்காளி, எலுமிச்சை, வினிகர் போன்ற புளிப்பு உள்ள உணவு அதைத் தொடக் கூடாது. தாள் அரித்துப் பொத்தலாகும், உணவில் உலோகச் சுவை ஏறும். இதற்கு நல்ல பயன் வேறு. உங்கள் குக்கரில் ஒரு பக்கம் மட்டும் எப்போதும் கருகுகிறதா? தாளை ஐந்தாறு மடிப்பாகப் பட்டையாக்கி அந்தச் சுவரோரம் நிறுத்தி, அதன்மேல் பார்ச்மென்ட் போர்த்திவிடுங்கள். அந்தப் பக்கத்துச் சூடு தணியும். எண்ணெய் எவ்வளவு தடவினாலும் தீராத கருகல் இதில் தீரும்.

கேக் செய்யும்போது தடவினால் மட்டும் போதுமா?

போதாது. நெய்யோ மேலே சொன்ன மாவுக் கலவையோ தடவி, அடிக்கு ஒரு பார்ச்மென்ட் துண்டு போட்டு, அகலமான இரண்டு பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, முனைகளை விளிம்புக்கு மேலே நீட்டிவிடுங்கள். வெந்ததும் அவற்றைப் பிடித்து அப்படியே தூக்கலாம். கனமான பீங்கானைக் கவிழ்த்துக் கேக்கை எடுக்கப் பார்ப்பது பலசாலிகளுக்கும் ஆகாத வேலை.

மூடிக்கு அடியில் ஒரு துணியோ கிச்சன் டிஷ்யூவோ விரித்து மூடுங்கள், இல்லாவிட்டால் ஆவி நீராகிக் கேக்மேல் சொட்டும். துணியின் நுனிகள் கீழே தொங்கிச் சூடான வெளிப்பகுதியைத் தொடாதபடி மூடியின்மேல் மடித்துவிடுங்கள்.

என் குக்கரின் உள்பாத்திரம் நான்ஸ்டிக். அதற்கு?

அதற்கு ஸ்ப்ரே ஆகவே ஆகாது. நான்ஸ்டிக் தயாரிப்பாளர்கள் பலர் கையேட்டிலேயே வேண்டாம் என்கிறார்கள். லெசித்தின் படிந்து இறுகினால் ஒட்டாத பூச்சு ஒட்டும் பூச்சாகிவிடும், பிறகு சுரண்டவும் முடியாது. சில துளி எண்ணெயை விரலால் தடவினால் போதும். முட்டை, சீஸ் தவிர மற்றவற்றுக்கு அதுவும் வேண்டாம்.

குக்கரைச் சூடாக்கிவிட்டுத் தடவலாமா?

ஆறிய பாத்திரத்தில்தான் தடவ வேண்டும். சூடான சுவரில் நெய் உடனே உருகி வழிந்துவிடும், விரலும் சுடும். சூடான பீங்கானில் குளிர்ந்த எதையும் ஊற்றாதீர்கள். பீங்கான் திடீர் வெப்ப மாற்றத்தைத் தாங்காது, விரிசல் விடும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த உள்பாத்திரத்தைச் சூடான குக்கரில் இறக்குவதும் அதே தவறுதான்.

நன்றாகத் தடவியும் ஒட்டிக்கொண்டது. எங்கே தப்பு?

பெரும்பாலும் எண்ணெயில் தப்பு இருக்காது. பாத்திரம் பாதிக்கும் குறைவாக நிரம்பியிருந்தால் உணவு சீக்கிரம் வெந்து, மீதி நேரமெல்லாம் காயும். பாதியிலிருந்து முக்கால்வரை நிரம்பியிருப்பது நல்லது. ஆறு மணி நேரச் சமையலைப் பத்து மணி நேரம் விட்டால் எந்தக் கொழுப்பும் காப்பாற்றாது. சர்க்கரை, தேன், பார்பிக்யூ சாஸ் போன்றவற்றைக் கடைசி ஒரு மணி நேரத்தில் சேருங்கள். சீஸையும் பாலையும் அதேபோலக் கடைசியில்தான். நீர் குறைவாக ஊற்றியிருந்தால் அரைக் கோப்பை கூட்டிப் பாருங்கள்.

இடையிடையே மூடியைத் திறந்து கிளறுவதும் வளையத்தை வளர்க்கும். ஒவ்வொரு கிளறலும் சுவரில் புதிதாக ஒரு பூச்சு. சூடும் போய்விடும். ஒவ்வொரு முறை திறந்தாலும் சமையல் இருபது முப்பது நிமிடம் தள்ளிப்போகும்.

பழைய ஸ்ப்ரேயின் பிசுக்கு ஏறிய விளிம்பை எப்படிச் சுத்தம் செய்வது?

உணவுக் கறை வேறு, இறுகிய எண்ணெய் வேறு. உணவுக் கறைக்குப் பாத்திரத்தில் அந்த மட்டத்துக்கு மேல் வரை சூடான நீரும் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவமும் ஊற்றி, குறைந்த சூட்டில் ஒன்றிரண்டு மணி நேரம் ஓடவிட்டு, ஆறியபிறகு தேய்த்தால் போகும்.

இறுகிய எண்ணெய் அதற்கு மசியாது. சமையல் சோடாவில் சில துளி நீர் விட்டுப் பசையாக்கி, கறைமேல் அப்பி அரை மணி நேரம் விடுங்கள். பிறகு கீறல் விழாத ஸ்பாஞ்சால் வட்டமாகத் தேய்க்க வேண்டும். ஒரே நாளில் போகாது. நான் நாலைந்து முறை செய்தேன், கடைசியில் வெள்ளை தெரிந்தது. கம்பி நார் வேண்டாம், மெருகில் கீறல் விழுந்தால் அடுத்த சமையல் அந்தக் கீறலில்தான் ஒட்டும்.

பாதி ஸ்ப்ரே டப்பாவில் மிச்சமிருக்கிறது. என்ன செய்ய?

தீரும்வரை சாதாரண கேக் தகரங்களுக்கு அடித்துக்கொள்ளுங்கள், அடுப்பிலிருந்து தள்ளி வைத்து. ஸ்லோ குக்கருக்கே அடிப்பதானால் விளிம்பைத் தாண்டியதை உடனே டிஷ்யூவால் துடைத்துவிடுங்கள். தீர்ந்த டப்பாவிலும் கொஞ்சம் வாயு இருக்கும். அதை ஆணியால் குத்தவோ குப்பையோடு எரிக்கவோ கூடாது.